பிறநாட்டு வாசமும் பிறமொழிப் பயிற்சியும்

கொழும்பு வெள்ளவத்தையிலே காலி வீதியின் இருமருங்கிலும் பிரிந்து செல்லும் ஒழுங்கைகளில் நடப்போர், மதில்களிலும் மின்கம்பங்களிலும் ஒட்டப்பட்டிருக்கும் வகுப்பு அறிவித்தல்களை நின்று வாசிப்பாராயின், உயர்தரப் பரீட்சைக்குரிய இரசாயனம், பௌதிகம் ஆகியவற்றோடு ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன் முதலிய அந்நிய பாஷைகளின் பெயர்களையும் காண்பர். கொட்டாஞ்சேனையிலும் இதே நிலைமைதான். பிள்ளையை மேற்படிப்புக்காகப் பிறநாட்டுக்கு அனுப்பத் துணிந்த பெற்றோர், புறப்படுவதற்கு முன்னர் மொழியிலே சிறிது பயிற்சி பெறட்டும் என்று இவ்வகுப்புகளிற் சேர்ப்பிக்கின்றனர். சேர்ப்பித்த பின்னரும், எஞ்சியது அங்கே போய்ச் சேர்ந்ததும் தானாகவே வந்துவிடும் என்று தம்மைத் தாமே தேற்றிக்கொள்கின்றனர். அந்நிய மண்ணில் வாழ்ந்தால் அந்நிய மொழி தானாகவே நாவில் வந்தமரும் என்னும் இந்நம்பிக்கையில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வது நமது சமூகத்துக்கு மிகவும் அவசியமான காரியம் என்று கருதுகின்றேன்.

மொழி கற்பதற்காகவே பிறநாடு சென்ற பல்கலைக்கழக மாணவரைப் பற்றிய ஆராய்ச்சிகள் கடந்த சில தசாப்தங்களில் வெகுவாகப் பெருகியிருக்கின்றன. அவற்றுள் பல, ஏறக்குறைய 50 கோடி மக்களுக்குத் தாய்மொழியாய் விளங்கும் ஸ்பானிய மொழியைக் கற்றவர்களைக் கொண்டே நடத்தப்பட்டவை. ஆதலின் அம்மொழியை உதாரணமாகக் கொண்டே இவ்விஷயத்தை விளக்க முயல்வோம். அதிலிருந்து பெறப்படும் உண்மைகள் பாரிஸுக்கோ பெர்லினுக்கோ செல்லும் நம் மாணவருக்கும் பொருந்துவனவே.

விஞ்ஞானிகளிடம் செல்லுமுன், நம்மவர் ஒருவருடைய வாழ்க்கையை நினைவுகூர்வது தகும். 1913ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துத் தீவகத்திலே கரம்பொன் என்னும் ஊரிற் பிறந்த சேவியர் தனிநாயகம் அடிகள், யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் ஆங்கிலவாயிலாகப் படித்து, 1931 முதல் கொழும்பிலுள்ள புனித பேர்நாட் குருமடத்திலே பயின்று, 1934இல் உரோமாபுரிக்குச் சென்றார். அங்கே ஊர்பன் பல்கலைக்கழகத்தில் பல தேசத்து மாணவர் ஒரே இல்லத்தில் வாழ்ந்தனர். விரிவுரைகள் இலத்தீன் மொழியில் நிகழ, வீதியிலும் கடையிலும் இத்தாலிய மொழியே வழங்கிற்று. 1939இல் அவர் அந்நகரை விட்டுப் புறப்படும்போது, இலத்தீனின் புதல்வியராகிய மொழிகளுக்குள் தாராளமாகப் புழங்கத்தக்க அடித்தளம் அவரிடம் அமைந்திருந்தது. ஸ்பானியம், போர்த்துக்கேயம், பிரெஞ்சு, ஜேர்மன் முதலிய மொழிகளிலும் தேர்ச்சி பெற்ற அவர், பிற்காலத்தில் வட, தென் அமெரிக்க நாடுகளிலே தமிழ்ப் பண்பாடு பற்றி உரையாற்றியதும், 1554இல் லிஸ்பனில் உரோம எழுத்தில் அச்சிடப்பட்ட தமிழ் நூலையும் 1679இல் வெளிவந்த புரோயென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியையும் ஐரோப்பிய நூலகங்களிலே தேடிக் கண்டு தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்ததும் இம்மொழியறிவின் பயனாகவே நிகழ்ந்தன.

அதனிலும் வியப்பானது பின்னர் நடந்தது. ஐரோப்பிய மொழிகளிலே வல்லவராய்த் திரும்பிய அடிகள், தம் தாய்மொழியின் இலக்கியத்தை முறையாகக் கற்றிலோமே என்னும் ஏக்கத்தினால், திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளத்தில் ஆசிரியராயிருந்த காலத்திலேயே தமிழ்ப் பாடம் கேட்கத் தொடங்கி, 1945இல், முப்பது வயதைக் கடந்த பின்னர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே மாணவராய்ச் சேர்ந்து நான்கு ஆண்டுகள் கற்றார். உரோமாபுரியிலும் சிதம்பரத்திலும் அவர் கையாண்ட முறை ஒன்றே: ஒரு மொழியை ஐயந்திரிபறக் கற்க விரும்பின், அம்மொழியை மூச்சாகக் கொண்டவர் நடுவே சென்று வாழ்ந்து, அவர்களோடு அம்மொழியிலேயே கருமமாற்றுவது. இம்முறை ஏன் பலிக்கின்றது, எப்போது பலியாது போகின்றது என்பவற்றையே இன்றைய ஆராய்ச்சி விளக்குகின்றது.

முதலிற் செவியின் விஷயத்தைக் கவனிப்போம். பிறந்த குழந்தை உலக மொழிகள் அனைத்தின் ஒலிகளையும் வேறுபடுத்தி உணரும் ஆற்றலோடு பிறக்கின்றது. ஓராண்டு நிறைவதற்குள் தன்னைச் சூழ வழங்கும் மொழிக்குத் தேவையான வேறுபாடுகளை மாத்திரம் கூர்மையாக்கிக்கொண்டு ஏனையவற்றை நழுவவிடுகின்றது. 1984இல் கனடாவைச் சேர்ந்த ஜெனட் வேர்க்கர், ரிச்சர்ட் டீஸ் ஆகியோர் வெளியிட்ட பரிசோதனையில், ஆங்கிலச் சூழலில் வளரும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள், ஹிந்தியிலுள்ள நாமடி ஒலியையும் பல்லொலியையும், அதாவது நாம் டகரம் என்றும் தகரம் என்றும் பிரித்தறியும் ஒலிகளைப் போன்றவற்றை, எளிதில் வேறுபடுத்தி உணர்ந்தன; பத்து முதல் பன்னிரண்டு மாதத்தினராயின், பெரும்பாலானவை அவ்வேறுபாட்டை உணரவில்லை. வளர்ந்தபின் வேற்று நாடு செல்லும் மாணவன், தன் தாய்மொழிக்கென ஏற்கெனவே செப்பனிடப்பட்ட செவியோடுதான் செல்கின்றான். முதற் சில வாரங்களில் சொல்லுக்குச் சொல் இடைவெளியே இன்றி ஓடும் பேச்சு அவனுக்கு ஒரே இரைச்சலாகத் தோன்றுவதும், மாலையாகும்போது தலை கனப்பதும் இதனாலேதான்.

தமிழ்ச் செவிக்கு ஸ்பானியம் அத்துணைப் பகையன்று என்பது மகிழ்ச்சிக்குரியது. வல்லெழுத்துகளை மூச்சுக்காற்றின் வெடிப்பின்றி ஒலிப்பது இரு மொழிகளுக்கும் பொது. இரண்டு உயிர்களுக்கிடையே வரும் வல்லெழுத்துகள் சில மென்மையுற்று உரசிச் செல்வதும் இரு மொழிகளிலும் காணப்படும் இயல்பு. ஞகரம் அங்கும் உண்டு. ஒருமுறை தட்டும் ரகரத்தையும் பலமுறை அதிரும் றகரத்தையும் ஒத்த இரு ஒலிகளை வேறாகக் கொண்டு பொருளை மாற்றுவதும் அம்மொழியின் வழக்கம். எழுவாய் வெளிப்படையாக நில்லாது வினையின் விகுதியிலே அடங்கி நிற்பதும், ஒன்றை விரும்புவதைச் சொல்லும்போது விரும்புபவரை நான்காம் வேற்றுமையில் வைத்து எனக்குப் பிடிக்கும் என்னும் பாங்கிற் கூறுவதும் தமிழனுக்குப் பழகிய நெறிகள். மாறாக, அஃறிணைப் பொருள்களுக்கும் ஆண்பால், பெண்பால் வகுப்பதும், ஐயத்துக்கும் விருப்பத்துக்கும் தனியான வினைவடிவம் அமைப்பதும் அவனுக்குப் புதியவை. அவற்றிலேதான் அவனுடைய பிரயத்தனம் முழுவதும் செல்லவேண்டும்.

வயது கடந்துவிட்டதே என்று பல்கலைக்கழக மாணவர் கவலையுறுவதுண்டு. இளமையிற் கற்போரே இறுதியில் தாய்மொழியாளரை நெருங்குகின்றனர் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை. 2018இல் ஹார்ட்ஷோன், டெனன்போம், பிங்கர் என்னும் மூவர் ஏறக்குறைய 6,70,000 பேரின் விடைகளை ஆராய்ந்து, இலக்கணத்தைக் கிரகிக்கும் ஆற்றல் பதினேழு வயதளவும் பெரிதும் குன்றாமல் நிற்பதாக மதிப்பிட்டனர். அவ்வெல்லை அத்துணைக் கூர்மையானதன்று என்று மறுப்போரும் உளர். ஆயினும் கற்கத் தொடங்கும் வேகம் வேறு, இறுதியில் எய்தும் நிலை வேறு. 1978இல் கேத்தரின் ஸ்னோ, மரியன் ஹோஃப்னாகல்-ஹூலே ஆகிய இருவர், ஹொலண்டுக்குக் குடிவந்த ஆங்கிலம் பேசும் குடும்பங்களை அவதானித்தபோது, முதல் மாதங்களில் டச்சு மொழியை மிக விரைவாகக் கற்றவர்கள் பன்னிரண்டு முதல் பதினைந்து வயதினரும் வளர்ந்தோருமே. மிகப் பின்தங்கி நின்றவர் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளே. உச்சரிப்பிலே சிறிது அந்நியச் சாயல் எஞ்சினும், ஓரிரு ஆண்டுகளில் விரிவுரை கேட்கவும் வாதிடவும் வேண்டிய அளவு மொழியைப் பெறுவதற்கு இருபது வயது எவ்வகையிலும் தடையன்று.

இக்கல்வி மூளையிலே பௌதிக அடையாளத்தை விடுகின்றது என்பதும் இப்போது தெளிவாகியிருக்கிறது. ஸ்வீடன் தேசத்து இராணுவ மொழிபெயர்ப்பாளர் பயிற்சிக் கழகத்திலே, அரபு, டாரி, ருஷ்யம் ஆகிய மொழிகளுள் ஒன்றை அதிதீவிரமாகக் கற்ற இளைஞரை, மொழிப் பயிற்சியின்றி வேறு கடினமான பாடங்களைக் கற்ற மாணவரோடு ஒப்பிட்டு 2012இல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. மூன்று மாதங்களில், ஞாபகத்துக்கு ஆதாரமாகிய ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி மொழி கற்றவரிடம் பருத்திருந்தது. மொழியோடு தொடர்புடைய மூளைப் புறணிப் பகுதிகளும் தடித்திருந்தன. அன்று கேட்ட புதுச் சொல்லை முதலில் ஏற்று வைத்திருப்பது இந்த ஹிப்போகாம்பஸே. இரவு நித்திரையிலேதான் அச்சொல் ஏனைய சொற்களோடு பிணைந்து புறணியில் நிலைபெறத் தொடங்குகின்றது. ஆதலின் பரீட்சைக்கு முந்திய இரவில் கண்விழித்துச் சொற்பட்டியலை மனனஞ் செய்யும் நமது பழக்கம், மொழிக் கல்விக்கு நேர்விரோதமானது.

இனி மையமான வினாவுக்கு வருவோம். பிறநாட்டு வாசம் தருவது எது, தராதது எது? 2004இல் நோர்மன் செகலோவிட்ஸ், பார்பரா ஃபிரீட் ஆகியோர், ஸ்பெயினின் அலிகான்டே நகரில் ஒரு பருவம் கற்ற அமெரிக்க மாணவரையும், அதே காலத்தில் சொந்த நாட்டிலே வகுப்பறையில் ஸ்பானியம் கற்ற மாணவரையும் ஒப்பிட்டனர். சரளமாகத் தடையின்றிப் பேசுவதில் ஸ்பெயின் சென்றோரே முன்னேறினர். ஆனால் அதே மாணவரின் இலக்கணத்தைத் தனியாக ஆராய்ந்த ஜோசப் கொலென்டைன், வினைவிகுதி போன்ற நுட்பங்களில் வகுப்பறை மாணவரின் வளர்ச்சியே மேலோங்கியிருந்ததாகவும், கதையைத் தொடர்ச்சியாக எடுத்துரைக்கும் திறத்தில் ஸ்பெயின் சென்றோர் விஞ்சியதாகவும் கண்டார். பிறநாட்டு வாசம் நாவுக்கு ஓட்டத்தைக் கொடுக்கின்றது. இலக்கணத்தின் நுண்மையைத் தானாகக் கொடுத்துவிடுவதில்லை.

அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆராய்ச்சி இதனினும் முக்கியமானது. பிரெஞ்சு மொழி பயிலும் அமெரிக்க மாணவரை ஃபிரீடும் அவருடைய சகாக்களும் மூன்று வகுப்பாகப் பிரித்து நோக்கினர்: சாதாரண வகுப்பில் கற்றோர் ஒரு வகை, பாரிஸ் நகரில் ஒரு பருவம் வாழ்ந்தோர் மற்றொரு வகை, அமெரிக்காவை விட்டு நீங்காமலே, எந்நேரமும் பிரெஞ்சு மொழியே பேசவேண்டும் என்னும் நியதியுள்ள கோடைக்கால முகாமில் வாழ்ந்தோர் மூன்றாம் வகை. பேச்சின் சரளத்தில் மிகுதியாக முன்னேறியோர் பாரிஸ் சென்றவரல்லர், முகாமில் இருந்தவரே. காரணத்தை மாணவர் தந்த விவரங்களே உணர்த்தின. முகாமிலிருந்தோர் வகுப்புக்கு வெளியேயும் மணிக்கணக்காகப் பிரெஞ்சு பேசினர். பாரிஸில் வாழ்ந்தோரோ, வகுப்பு முடிந்ததும் தம் நாட்டுத் தோழரோடு பிரெஞ்சைவிட ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசியிருந்தனர். இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றே: மொழியைக் கற்பிப்பது மண்ணன்று, மனிதரோடு நிகழும் சம்பாஷணையே. பிறநாடு அச்சம்பாஷணைக்கான சந்தர்ப்பத்தை மிகுவிக்கின்றது. சந்தர்ப்பத்தைப் பயன்படுத்தாதவனுக்கு அது வாடகை கொடுத்து வாழும் ஓர் ஊர் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

சம்பாஷணைக்கு இத்துணை மகிமை எங்கிருந்து வந்தது? கேட்கும்போது பொருளை ஊகித்தறிந்தாற் போதும். விகுதியை விட்டாலும் கருத்துப் புரிந்துவிடும். பேசும்போதோ, ஒவ்வொரு சொல்லையும் ஞாபகத்தினின்று தானே வரவழைத்து, திணை, பால், எண், காலம் அனைத்தையும் அக்கணத்திலேயே பொருத்தியாக வேண்டும். கனடாவிலே பிரெஞ்சு மொழிவாயிலாகப் பல ஆண்டுகள் கற்ற, ஆங்கிலம் பேசும் பிள்ளைகள், கேட்டறிவதில் வல்லவராயிருந்தும் பேச்சில் இலக்கணக் குறைபாட்டோடு நின்றமையைக் கண்ட மெரில் ஸ்வெய்ன் என்னும் அறிஞர், 1985இல் இவ்வேறுபாட்டை வலியுறுத்தினார். எதிரே உயிருள்ள மனிதர் இருப்பதும் பெரிய காரியமே. 2003இல் பற்ரீஷியா கூல் நடத்திய பரிசோதனையில், சீன மொழி பேசும் ஒருவர் நேரில் அமர்ந்து விளையாடியும் கதை வாசித்தும் பழகிய அமெரிக்கக் குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே பேச்சைத் திரையிலே கண்டு கேட்ட குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை. வளர்ந்தோருக்குத் திரையும் ஓரளவு பயன்படும் என்பது உண்மையே. எனினும் நம்மை நோக்கி விடைக்காகக் காத்திருக்கும் ஒரு முகத்துக்கு அது ஈடாகாது.

பதினாறாம் நூற்றாண்டில் நமது கடற்கரையிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. ஸ்பெயினின் நவார் தேசத்தவராகிய பிரான்சிஸ் சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, ஜெபங்களைத் தமிழில் மொழிபெயர்ப்பித்து மனனஞ் செய்து ஓதினார். ஓரிடத்தில் நிலைத்திராது தேசந்தோறும் செல்லவேண்டிய பணி அவருடையதாகையால் அதற்கு மேல் அவகாசம் கிட்டவில்லை. அவருக்குப் பின் வந்த போர்த்துக்கேயராகிய அன்ரிக்கே அடிகளோ, அம்மக்களிடையே பல்லாண்டு தங்கி, மொழிபெயர்ப்பாளரின் துணையின்றிப் பேசவும் பிரசங்கிக்கவும் பழகியதோடு, இலத்தீன் இலக்கண முறையைத் துணைக்கொண்டு தமிழின் வினைகளையும் வேற்றுமைகளையும் வகுத்து இலக்கணமும் எழுதினார். 1578இல் கொல்லத்தில் தமிழெழுத்திலே அச்சேறிய தம்பிரான் வணக்கம் அவர் தந்தது. சம்பாஷணையும் இலக்கணமும் ஒருங்கே கூடிய கல்வியின் வலிமைக்கு இதனிற் சிறந்த சான்று வேண்டுமோ?

பிறநாட்டு வாசத்தில் மாணவரைத் திடுக்கிடச் செய்யும் மற்றோர் அனுபவமும் உண்டு. சில மாதங்கள் சென்றதும், தாய்மொழிச் சொல் நாவில் வரத் தாமதிக்கின்றது. வீட்டாரோடு தொலைபேசியில் உரையாடும்போது பழகிய சொல்லொன்று அகப்படாமல் நழுவுகின்றது. 2009இல் ஜேரட் லிங்க், ஜூடித் குரோல், கிரெச்சென் சண்டர்மன் ஆகியோர், ஸ்பெயினில் வாழ்ந்து ஸ்பானியம் கற்ற, ஆங்கிலம் பேசும் மாணவரிடம் இதனை அளந்து பார்த்தனர். குறித்த நேரத்தில் ஒரு வகைப் பொருள்களின் பெயர்களை ஆங்கிலத்திற் சொல்லுமாறு கேட்டபோது, வகுப்பறை மாணவரிலும் அவர்கள் குறைவாகவே சொல்லினர். புதிய மொழி முன்வருவதற்காக மூளை தாய்மொழியைத் தற்காலிகமாக அடக்கி வைக்கின்றது என்பதே அவர்கள் கண்ட முடிவு. நாடு திரும்பி ஆறு மாதங்கள் சென்றபின் மீண்டும் சோதித்தபோது தாய்மொழியின் தளர்ச்சி நீங்கியிருந்தது. ஆகவே பிள்ளையின் தமிழ் தடுமாறுகின்றதே என்று கொழும்பிலிருக்கும் தாய் கலங்கவேண்டியதில்லை. அத்தடுமாற்றம் கல்வி நடைபெறுகின்றது என்பதன் அறிகுறியே.

திரும்பிய பின்னர் கற்ற மொழி என்னவாகும்? ஹரி பாரிக் என்னும் உளவியலறிஞர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பாடசாலையிலோ கல்லூரியிலோ ஸ்பானியம் கற்ற 733 பேரை, கற்று ஐம்பது ஆண்டு வரை சென்றோர் உட்பட, சோதித்தார். முதல் மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் மறதி விரைவாக நிகழ்ந்தது. அதன்பின் எஞ்சிய அறிவு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வரை குன்றாது நிலைத்தது. எவ்வளவு எஞ்சும் என்பதோ, ஆரம்பத்தில் எவ்வளவு ஆழமாகக் கற்றார் என்பதைப் பொறுத்திருந்தது. ஆழ உழுத வயலில் விதைத்தது மாத்திரமே கோடையைத் தாங்கும். மேலோடு தூவிய மொழி சில ஆண்டுகளில் மறைந்துவிடும்.

இவ்வுண்மைகளை நம் நகரத்தின்மீது பொருத்திப் பார்ப்போமாக. கொட்டாஞ்சேனையிலே தமிழும் சிங்களமும் ஒரே வீதியில் வழங்குகின்றன. ஒரு கடைக்காரர் ஒரே நேரத்தில் இரு மொழிகளிலும் விலை கூறி, மூன்றாவது மொழியிற் கணக்கு எழுதுவதைக் காணலாம். அங்கே விளையாட்டுத் தோழரோடு பழகி வளரும் பிள்ளை, இலக்கண நூலைக் கையாலும் தொடாமல் இரு மொழிகளையும் பேசுகின்றது. அதே கொழும்பிலே, வெள்ளவத்தையின் தொடர்மாடியொன்றில் இருபது, முப்பது ஆண்டுகள் வாழ்ந்தும், அயலாரும் கடையும் கோயிலும் தமிழாகவே அமைந்துவிட்டமையால், சிங்களத்திலே நான்கு வசனம் கோவையாகப் பேச இயலாத பெரியோரும் உளர். ஒரே நகரம், ஒரே காலம், வேறுபட்டது பழக்கமே. பாரிஸ் மாணவருக்கும் கோடைக்கால முகாம் மாணவருக்கும் இடையே ஃபிரீட் கண்ட வேறுபாட்டை நாம் காலி வீதியிலேயே காண்கின்றோம். பிறநாடு சென்றும் தன் ஊரவரோடு ஒரே அறையில் தங்கி, ஒன்றாகச் சமைத்துண்டு, இரவெல்லாம் இல்லத்தாரோடு பேசிக் கழிக்கும் மாணவன், தனிமைத் துயரத்தால் அவ்வாறு செய்கின்றான் என்பதை நாம் பரிவோடு உணரவேண்டும். ஆயினும் அவன் வெள்ளவத்தையைத் தன்னோடு பெயர்த்துக்கொண்டு சென்றிருக்கின்றான் என்பதையும் மறுத்தல் இயலாது.

ஆகையால் பிறநாடு செல்லவிருக்கும் நம் இளைஞர், புறப்படுமுன் இங்கேயே இலக்கணத்தில் உறுதியான அடித்தளம் இடவேண்டும். ஏனெனில் அதனைத் தேடித்தரும் வேலையை வீதிச் சம்பாஷணை செய்வதில்லை. சென்றபின், அந்நாட்டுக் குடும்பமொன்றிலோ, விளையாட்டுக் கழகத்திலோ, பகுதிநேர வேலையிலோ, அந்நாட்டு மொழி பேசாமல் கருமம் முடியாத ஓரிடத்தைத் தமக்கென அமைத்துக்கொள்ளவேண்டும். பிழைபடப் பேச அஞ்சாது பேசி, கண்ணாரத் துயின்று, மறுநாளும் அதே சொற்களை வேறு வாக்கியத்தில் வழங்கிப் பார்க்கவேண்டும். திரும்பியபின், முதற் சில ஆண்டுகளேனும் வாசிப்பையும் பேச்சையும் விடாது பேணவேண்டும். இவற்றோடு, செல்வதற்கு வசதியில்லாத மாணவருக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகின்றது. மும்மொழி வழங்கும் ஒரு நகரம் அவர்களுக்கு வாசலிலேயே வாய்த்திருக்கின்றது; அயலானுடைய பாஷையை அயலானோடு நாள்தோறும் பேசிக் கற்பதற்குக் கடவுச்சீட்டு வேண்டுவதில்லை, துணிவு ஒன்றே வேண்டும். அவ்வாறு ஒரு மொழியைக் கைவரப் பெற்றவன், மொழி கற்கும் நெறியையே கைவரப் பெற்றவனாவான். அதன்பின் அவன் ஸ்பெயினுக்குச் சென்றாலும் ஜேர்மனிக்குச் சென்றாலும், அங்கே செய்யவேண்டியது யாது என்பதை அறிந்தே செல்வான்.